தொங்கல்ல இருந்தாரு

ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் நீதிமன்றம் என்னை விட்டபாடில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் மட்டக்களப்புக்காரர். கெட்டிக்காரர், என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார். தோட்டத்துச் சொல் ஏதாவது இடறினால் மட்டும் மதிய இடைவேளையில் எனக்குப் போன் போடுவார். "ஐயா, இஸ்தோப்பு எண்டா என்ன?" என்பார். காம்பராவுக்கு முன்னால் இருக்கும் தாழ்வாரம், ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்பேன். "காம்பரா?" அறை, அது போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்பேன். "தமிழர் என்னத்த விட்டுட்டுப் போனாங்க?" என்று சிரிப்பார். நாங்கள் எங்கேயும் போகவில்லையே அம்மா, இங்கேதானே இருக்கிறோம் என்பேன்.

போன மாதம் அவர் ஒரு புதுச் செய்தி சொன்னார். இனி என்னைத் தொந்தரவு செய்யத் தேவை இல்லையாம். சொல்லைப் போனில் போட்டால் சிங்களம் தானாக வருகிறதாம். எனக்குச் சுருக்கென்றது. "அப்படியா? தொங்கல் என்று போட்டுப் பாருங்கள்" என்றேன். போட்டுப் பார்த்தார். "தொங்குறது எண்டுதான் வருது ஐயா. பிழையா?" என்றார்.

பிழை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லால் ஒரு பெண் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். எழுதித் தருகிறேன் என்றேன். சுற்றி வளைத்துத்தான் எழுதுவேன். முப்பது வருடத்துக்கு மேல் அடுத்தவர் பேச்சையே பேசிவிட்டு, இப்போதுதான் சொந்தப் பேச்சுப் பேசக் கிடைத்திருக்கிறது.

நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பண்டாரவளையில் படித்தேன். சிங்களத்தைப் பள்ளிக்கூடத்தில் பாதியும், அங்கே மரக்கறிக் கடையொன்றில் லீவு நாட்களில் நின்று மீதியும் கற்றுக்கொண்டேன். பரீட்சை எழுதினேன், நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், பதுளையில் உரைபெயர்ப்பாளராகப் போட்டார்கள். சனங்கள் அந்த உத்தியோகத்தைச் சொல்வது முதலியார் என்று. வெள்ளைக்காரன் காலத்தில் அது பெரிய பட்டம், தலைப்பாகையும் நீளக் கோட்டும் உண்டு. எனக்குக் கிடைத்தது மேசைக்குப் பக்கத்தில் நிற்க ஓர் இடம். ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர், எல்லோரும் என்னை முதலியார் என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, நாங்கள் எப்போது சாதி மாறினோம் என்று ரகசியமாக விசாரித்தார்.

எனக்கு மேலே இருந்தவர் கனகசபை ஐயா, யாழ்ப்பாணத்தவர். கழுத்துப் பட்டி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடி பெயர்ப்பார். திட்டமாட்டார். நான் பெயர்த்தது சரியில்லை என்றால் பேனா மூடியைக் கழற்றுவார். சரிசெய்ததும் திரும்ப மூடுவார். அந்த 'டிக்' சத்தத்துக்கு நான் நடுங்கியிருக்கிறேன்.

முதல் நாள் என்னைச் சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "வடிவாச் சொல்லும், என்ன?" என்றார். எங்கள் பக்கத்தில் வடிவு என்றால் அழகு. சரி, அழகாகச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். கோழி திருடிய வழக்கொன்றில், நீதவான் சிங்களத்தில் கேட்ட நேரான கேள்வியை மேடைப் பேச்சுபோல அலங்கரித்துச் சாட்சிக்காரரிடம் கேட்டேன். அவர் பேந்தப் பேந்த முழித்தார். பின்னால் பேனா மூடி கழன்றது. வெளியே வந்ததும், "என்ன ஐசே, கூத்தே ஆடுறீர்? வடிவா எண்டால் தெளிவா எண்டு அர்த்தம்" என்றார். ஒரே மொழிக்குள்ளேயே எனக்கு ஓர் உரைபெயர்ப்பாளர் தேவைப்பட்டது.

அவர் சொல்லித் தந்த முறை இது. சாட்சி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்லவேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. சாட்சி அழுதால் நீ அழக் கூடாது. திட்டினால் அதே திட்டைச் சொல்லவேண்டும், சீனி போடக் கூடாது. பதில் அரைகுறையாக இருந்தால் அரைகுறையாகவே கொடு. இதனால் நான் அந்தக் கட்டடத்துக்குள் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், மாடு திருடியிருக்கிறேன், இரண்டு கல்யாணம் செய்திருக்கிறேன், எல்லாம் சுத்தமான சிங்களத்தில். வீட்டுக்கு வந்தால் மனைவி, "இன்னிக்கி யார வெட்டுனீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் தேத்தண்ணி தருவாள்.

தோட்டத்து வழக்குகளில் சட்டத்தைவிடச் சொல்தான் அதிகம் தகராறு பண்ணும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். "பெரட்டுல வச்சி அடிச்சாருங்க" என்று ஒருவர் சொல்ல, வெளியூர்த் தமிழ் வக்கீல் ஒருவர் எழுந்து, "என்ன புரட்டு? யார் செய்த புரட்டு?" என்று கேட்டு, புரட்டு என்றால் மோசடிதானே என்று வழக்கையே வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். பரேட் என்ற இங்கிலீசுச் சொல்தான் வாயில் உருண்டு பெரட்டாகிவிட்டது என்று கனகசபை ஐயா பிறகு விளக்கினார். தேயிலையை வெட்டிவிடும் கவ்வாத்தும்கூடப் பட்டாளத்துப் பயிற்சியைக் குறித்த சொல்லாம். அது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததை அவரிடம் நான் மறுத்ததும் இல்லை.

இனி அந்த வழக்குக்கு வருகிறேன்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். பசறை பஸ்ஸில் போய் இறங்கி நடக்கவேண்டும், அவ்வளவு போதும். அந்தப் பெண்ணை இங்கே புஷ்பராணி என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து எடுப்பவர். ஒரு பெண்பிள்ளை. புருஷன் யோகன் குடிப்பார். ஒரு சண்டையில் கோபித்துக்கொண்டு, அந்த லயத்திலேயே, ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் தோட்டத்து வீடுகளில், காலியாகக் கிடந்த கடைசிக் காம்பராவில் போய்ப் படுக்கத் தொடங்கினார். ஒருநாள் விடியற்காலையில் அங்கே அவர் தூக்கில் தொங்கக் கண்டார்கள். ஏன் அப்படிச் செய்தார் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பொலிசார் வந்தார்கள். கடைசியாக அவரை எப்போது பார்த்தாய் என்று புஷ்பராணியைக் கேட்டார்கள். "நேத்து அந்திக்குப் பாத்தேங்க. தொங்கல்லதான் இருந்தாரு" என்றார்.

எங்கள் பேச்சில் தொங்கல் என்றால் கடைசி முனை. லயத்தின் ஓரத்து வீடு தொங்க வீடு, தொங்கக் காம்பரா. அங்கே இருப்பவர் தொங்கலில் இருப்பவர். ஆனால் வாக்குமூலம் எழுதிய கான்ஸ்டபிளுக்குத் தெரிந்தது கடைத்தெருத் தமிழ். தொங்கு என்ற சொல் அவருக்குத் தெரியும். அதனால் "ஈயே ஹவஸ எல்லிலா ஹிட்டியா" என்று எழுதிக்கொண்டார். நேற்று மாலையே தொங்கிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மனுசனுக்கு அந்தச் சொல் வேறு எப்படிக் கேட்டிருக்கும்? புஷ்பராணி தொங்கக் காம்பரா என்று முழுதாகச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். சிங்களத்திலும் அது காமரேதான். ஒரே போர்த்துக்கேயச் சொல் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவசரத்தில் அதை விட்டுவிட்டார்.

சொல் அதோடு நிற்கவில்லை. சிங்களத்துக்குப் போனது திரும்பித் தமிழுக்கு வந்தது. யோகனின் தாய் காத்தாயியிடம் யாரோ பொலிஸ்காரர், "ஒங்க மருமகள் அந்திக்கே தொங்குறது பார்த்தது. சொல்லல்ல" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டார். அப்போது தொங்கல் என்ற சொல்லே அதில் இல்லை. மகன் தூக்கில் தொங்குவதைப் பார்த்தும் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை இருந்திருக்கிறாள் மருமகள் என்றுதான் காத்தாயிக்கு விளங்கியது. லயம் முழுவதும் அப்படியே நம்பியது. கருமாதியில் புஷ்பராணியைத் தள்ளி உட்காரவைத்தார்கள். பேத்தியைக் காத்தாயி தன் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போய், இந்தப் பாவியிடம் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்று நின்றுகொண்டார். புஷ்பராணியை விளக்கமறியலில், அதாவது ரிமாண்டில், வைத்து விசாரிக்கவேண்டும் என்று பொலிசார் கேட்கப்போவதாகவும் பேச்சு. வைத்தியரின் அறிக்கையோ, எந்த நேரத்தில் உயிர் போனது என்று இறுக்கிச் சொல்லவில்லை.

விசாரணை நாளில் நான்தான் உரைபெயர்ப்பு. காத்தாயியும் ஒரு சாட்சி என்பதால் அவரை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். ஒரு சாட்சி பேசுவதை அடுத்த சாட்சி கேட்கக் கூடாது. நீதவான் வாக்குமூலத்தைப் பார்த்துவிட்டு, மாலையிலேயே கணவர் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டதும் புஷ்பராணி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சாமி, அப்படி யாருங்க சொன்னது? தொங்கல்ல இருந்தாருன்னுதாங்க சொன்னேன்."

எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. "கெளவரே ஹிட்டியா கியலா தமய் மம கிவ்வே", அதாவது 'கடைசியில் இருந்தார் என்றுதான் நான் சொன்னேன்' என்று பெயர்த்தேன். பொலிஸ் தரப்பில் வந்திருந்த சார்ஜன்ட் எழுந்துவிட்டார். அவருக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். சாட்சி சொன்னது தொங்கல், பொலிசில் சொன்னதும் அதே சொல், உரைபெயர்ப்பாளர் தன் ஆட்களுக்காகச் சொல்லை மாற்றுகிறார் என்றார். நீதவான் என்னை ஒருமுறை பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்து போனார்.

நான் நேரே கனகசபை ஐயாவின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். "தொங்கல் என்றால் கடைசிதானே ஐயா?"

"கடைசிதான். எங்கட ஊரிலயும் ஒழுங்கைத் தொங்கல், வயல் தொங்கல் எண்டுவினம். சீலையின்ர முந்தானை முனையைப் பாரும், தொங்கிக்கொண்டிருக்கும். அதால அந்த முனைக்குத் தொங்கல் எண்டு பேர் வந்திருக்கும். பிறகு தொங்காத முனைக்கும் அதே பேர்."

"அப்ப நான் சரி."

"நீர் சரியோ பிழையோ, அதில்லைக் கதை. முதல்ல போய் உம்மட பெயர்ப்பைத் திருப்பி எடும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "சரியானதை எதுக்குங்க ஐயா திருப்பி எடுக்கணும்?"

"சரி எண்டு ஆர் சொன்னது? நீர் சொன்னீர். ஒரு சொல்லுக்கு இரண்டு கருத்து இருந்தால், எது எண்டு தீர்மானிக்கிற கதிரை உமக்குத் தரேல்லை. சொல்லை அப்படியே வையும். இரண்டு கருத்தையும் சொல்லும். வாயை மூடும். நீர் அந்தப் பெட்டைக்கு உதவி செய்ய வெளிக்கிட்டால், அவள் சொல்லுறதை ஒருத்தரும் நம்பமாட்டினம். உம்மையும் நம்பமாட்டினம்."

மனசில்லாமல்தான் திரும்பிப் போனேன். நீதவான் வந்து அமர்ந்ததும், என் பெயர்ப்பைத் திருப்பி எடுக்க அனுமதி கேட்டேன். சாட்சி சொன்ன சொல் தொங்கல். அதற்குத் தொங்குதல் என்றும் கருத்து உண்டு, கடைசி என்றும் கருத்து உண்டு. இங்கே எது என்று சொல்வது என் வேலை இல்லை என்றேன். சார்ஜன்டுக்கு முகம் மலர்ந்தது. ஒன்றும் விளங்காத புஷ்பராணி, நான் ஏதோ அவரைக் கைவிட்டுவிட்டதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

நீதவான் இரண்டு கருத்தையும் எழுதிக்கொண்டார். பிறகு புஷ்பராணியை இறங்கச் சொல்லிவிட்டு, வெளியே இருந்த காத்தாயியைக் கூப்பிடச் சொன்னார். சார்ஜன்ட் ஆட்சேபிக்கவில்லை. மருமகள்மேல் வயிறெரிந்துகொண்டிருக்கும் கிழவி, அவருடைய சாட்சி.

காத்தாயி கூண்டில் ஏறியதும் மருமகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தியம் செய்வித்தேன். மகன் சாவதற்கு முன் எங்கே தங்கியிருந்தார் என்று கேட்கச் சொன்னார் நீதவான். என் வாயிலிருந்து தொங்கலும் வரக் கூடாது, கடைசியும் வரக் கூடாது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்தேன்.

"ஒங்க மகன் சாகுறதுக்கு முந்தி எங்கம்மா தங்கியிருந்தாரு?"

"எங்கங்க இருப்பான்? இந்தா நிக்கிறாளே, இவகூட சண்ட புடிச்சிக்கிட்டு ஒரு வாரமா தொங்கல்லதாங்க இருந்தான்."

தொங்கல் என்ற சொல்லைத் தமிழிலேயே விட்டுவிட்டு மற்றதைச் சிங்களத்தில் கொடுத்தேன். என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீதவான் நிமிர்ந்தார். "சத்தியக்? " சிங்களத்தில் அது ஒரு வாரம். "திரும்பக் கேளுங்கள்."

கேட்டேன். காத்தாயிக்கு எரிச்சல். "ஆமாங்க, ஒரு வாரம். தொங்கல்லயே திம்பான், தொங்கல்லயே படுப்பான். நம்ம வீட்டுக்கு வாடான்னு கூப்புட்டேன், வரல. அங்க ஒழுகுதுடான்னேன், கேக்கல. வேணும்னா லயத்துல யாரையும் கேளுங்க."

அதையும் கொடுத்தேன். தொங்கலில் சாப்பிட்டார். தொங்கலில் படுத்தார். சார்ஜன்ட் மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "கெளவர" என்று நீதவானே வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லைக் காலையில் நான் சொன்னபோது அது வெறும் என் வார்த்தையாகத்தான் இருந்தது.

மரணத்தில் புஷ்பராணிமேல் சந்தேகப்பட எதுவும் இல்லை என்று கட்டளை வாசிக்கப்பட்டது. காத்தாயி இன்னும் கூண்டிலேயே நின்றார். தான் என்ன சொன்னோம், எதற்காக எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. நீதவான் அதைக் கவனித்தார். விளக்கிச் சொல்லும்படி எனக்குப் பணித்தார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்: இப்போது நீங்கள் சொன்ன அதே சொல்லைத்தான் உங்கள் மருமகளும் அன்று காலை பொலிசில் சொன்னார். எழுதியவர்கள் அதைத் தொங்கிக்கொண்டிருந்தார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

காத்தாயி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவ பாக்கலியா?"

பதில் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் கேள்வியை நீதவானிடம் சிங்களத்தில் வைத்தேன். அவர் பதில் சொன்னார். நான் திரும்பி அந்தத் தாயிடம் சொன்னேன்.

"பாக்கலீங்க. அந்திக்கு ஒங்க மகன் உசுரோட இருந்ததத்தான் பாத்தாங்க."

சொல்லிவிட்டு, கீழே விழாத ஒரு தாளை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நல்லவேளையாகக் கனகசபை ஐயா அங்கே இல்லை.

வழக்குகள் முடிந்து கோப்புகளை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது மழை. காத்தாயி தாழ்வாரத்துப் பெஞ்சின் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புஷ்பராணி தூணோடு தூணாக நின்றார். மாதக்கணக்காக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் கடந்துபோகும்போது கிழவி தலையை நிமிர்த்தாமல் மருமகளிடம் கேட்டார்.

"அன்னிக்கி அந்திக்கு சாப்புட்டானா?"

"ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன் அத்தே. சாப்புட்டாரு."

"தொட்டுக்க?"

"தேங்காய்ச் சம்பல்."

"ஒறப்பா இருந்தா திங்கமாட்டானே அவன்."

"கொச்சிக்கா கம்மியாத்தான் போட்டேன் அத்தே."

காத்தாயி பையைத் தூக்கி மற்றப் பக்கம் வைத்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார்.